ரேகா அக்கா மூடி வைத்துப் போன லேப்டாப்

திங்கட்கிழமை காலை கடை ஷட்டரைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது அக்காவின் லேப்டாப் ஓரத்தில் இருந்த சின்ன வெள்ளை விளக்குதான். மெதுவாக எரிந்து, மெதுவாக அணைந்து, மறுபடி எரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அவர் மூடி வைத்தபடியே மேசையில் இருந்தது. மேசையைத் துடைத்துவிட்டு, அக்கா வருவதற்குள் டீ வாங்கி வரலாம் என்று ஃபிளாஸ்க்கை எடுத்தேன். அப்போது எங்கள் முதலாளி குமார் அண்ணன் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"பாப்பா, ஷட்டர பாதி எறக்கு. நம்ம ரேகா போயிடுச்சும்மா" என்றார்.

முந்தின நாள் சாயங்காலம் குமணன்சாவடி அருகே அக்காவின் ஸ்கூட்டரை லாரி இடித்திருக்கிறது. நான் ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

அம்பத்தூரில் எங்கள் ஃபிளெக்ஸ் கடைக்கு வந்துபோன எல்லோருக்கும் ரேகா அக்காவைத் தெரியும். உங்கள் வீட்டுக் காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் சாவுக்கும் கம்ப்யூட்டரில் பேனர் செய்து கொடுத்தவர் அவர்தான். அச்சாகி வருவதை வெட்டி, கயிறு கட்ட ஓரத்தில் வளையம் அடித்துத் தருகிற பெண் நான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இங்கே வந்தேன். என்னை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்; என் குரலைக் கேட்டிருக்க மாட்டீர்கள். பதினாறாம் நாளுக்கு இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். மேடையில் பேச வேண்டியதில்லை என்பதால் ஒப்புக்கொண்டேன்.

வாடிக்கையாளர் யாராவது என்னிடம் எதையாவது கேட்டு, நான் விழித்துக்கொண்டு நின்றால், அக்கா தன் இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்: "அதுக்கு இன்னிக்கி மௌன விரதம் சார், இன்னா வேணும்னு என்கிட்ட கேளுங்க." ஒருவர் தினமும் விரதமா என்று கேட்டதற்கு, "ஆமா சார், ரொம்ப பக்தி" என்றார். என்னை ஊமச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் ஒருநாளும் என்னைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதில்லை. அதனாலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பேனரில் போடுகிற எல்லா முகத்தையும் வெளுப்பாக்கிவிடுவார்கள். மாப்பிள்ளை, தலைவர், இறந்துபோனவர் எல்லோரும் ஒரே சிவப்பாக இருப்பார்கள். அக்கா இறந்தவர்களுக்கு மட்டும் அதைச் செய்ய மாட்டார். ஒரு முறை ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்த ஒருவர், தன் அம்மா படத்தைக் கொடுத்து, "கொஞ்சம் கலர் தூக்கிக் குடும்மா" என்று கேட்டார்.

"தூக்கலாம்ணா. ஆனா தெருவுல மாட்டுனா, யாரு ஊட்டுச் சாவுன்னு உங்ககிட்டயே வந்து கேப்பாங்க. பரவால்லியா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். "அப்ப கருப்பாவே இருக்கட்டும்மா" என்றார்.

அந்த லேப்டாப் பழையது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது; சார்ஜர் வயரில்தான் ஓடியது. மூடி வைத்தால் உறங்கும், பல நாட்களில் திறந்ததும் எழாது. அப்போதெல்லாம் அக்கா அதன் முதுகில் தட்டுவார், விசிறிக்கு நேராகப் பிடிப்பார். "எந்திரி நைனா, கடைக்கு ஆளு வந்துகினு கீது" என்று கெஞ்சுவார். சாயங்காலம் ஒழுங்காக அணைத்துவிட்டுப் போனால் என்ன என்று குமார் அண்ணன் கேட்பார். "அண்ணாத்தே, இத முழுசா அணைச்சா, திரும்ப எழும்பறதுக்குள்ள ரயில்வே கேட்டே தொறந்துடும்" என்று அக்கா சொல்வார்.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். அக்காவின் தம்பி சதீஷ் அண்ணன் வந்தார். கையில் அக்காவின் ஆதார் அட்டை. மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டு வருகிறார்கள், அதற்குள் தெருமுனையில் பேனர் கட்ட வேண்டும்.

"இதான் கெடச்சுதுண்ணா" என்று அட்டையை நீட்டினார். "எங்க எல்லா போட்டோவையும் அக்காதான எடுத்துச்சு, அது எதுலயும் இல்ல. அது போனு நசுங்கிப் போச்சு. இத அம்மாகிட்ட காட்டுனேன். இது யாருடா, என் பொண்ணு எங்கடான்னு கேக்குறாங்க."

அட்டையில் இருந்த முகம் புகை படிந்ததுபோல் இருந்தது. குமார் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எனக்குச் சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. சதீஷ் அண்ணனின் கல்யாண பேனரை அக்கா செய்துகொண்டிருந்தார். மேலே பெண்ணும் மாப்பிள்ளையும். கீழே வாழ்த்துகிற உறவுக்காரர்களின் முகங்கள் வரிசையாக. தன் படத்தைப் போனிலிருந்து நேராக அந்தப் பக்கத்துக்குள் இழுத்துப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏ ஊமச்சி, நான் நல்லாக் கீறனா?" நான் தலையாட்டினேன். மூடியைச் சாத்திவிட்டுக் கிளம்பினார்.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். ஓர விளக்கு துடிப்பதை நிறுத்தி நிலையாக எரிந்தது. உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. திரை மட்டும் கருப்பாகவே இருந்தது. விசைகளைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை.

"அது எழாதும்மா. அமுக்கிப் புடிச்சு ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடலாம்" என்று சொல்லிக்கொண்டே குமார் அண்ணன் பவர் பட்டனுக்கு விரலைக் கொண்டு வந்தார்.

"தொடாதீங்கண்ணா!"

அவர் கையை எடுத்துக்கொண்டார். அவ்வளவு சத்தமாக நான் பேசி அவர் கேட்டதில்லை. நானும்தான்.

அக்கா ஒரு வேலையை முடித்து அச்சுக்கு அனுப்புகிற வரை அதைச் சேமிக்க மாட்டார். பிள்ளை பிறந்த பிறகுதான் பெயர் வைக்க வேண்டும் என்பார். அவர் படம் அந்தப் பெயரில்லாத பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. அணைத்தால் போய்விடும். இதைத் திக்கித் திக்கிச் சொன்னேன்.

"அப்ப முகப்பேர்ல நம்ம மெக்கானிக்காண்ட எடுத்துக்கினு போலாமா?" என்றார் சதீஷ் அண்ணன்.

"வயரப் புடுங்குனாலே அணைஞ்சிடும்டா" என்று குமார் அண்ணன் தலையில் கை வைத்தார். அன்று கரண்ட் போகாமல் இருக்க வேண்டுமே என்று மூன்று பேருமே மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தோம்.

கேப்ஸ் லாக் என்கிற பெரிய எழுத்து விசையை அழுத்தினேன். அதன் மேலிருந்த பொட்டு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினேன், அணைந்தது. அது எழுந்துதான் இருக்கிறது, முகத்தைக் காட்ட மட்டும்தான் மாட்டேன் என்கிறது என்று புரிந்தது. பில் போடுகிற கம்ப்யூட்டரின் திரையிலிருந்து வயரைக் கழற்றி லேப்டாப்பில் செருகினேன். சிக்னல் இல்லை என்று வந்தது. உறங்கி எழுந்தால் புதுத் திரையைக் கண்டுகொள்ளலாம் என்று, வயர் இருக்கும்போதே லேப்டாப்பை மெல்ல மூடி, கொஞ்சம் பொறுத்துத் திறந்தேன்.

பில் மேசைத் திரையில் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வந்தது. அது கடையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், கடையின் பெயர். அடித்தேன்.

கல்யாண பேனர் வந்தது. கீழ் வரிசையில் முதல் ஆளாக அக்கா இருந்தார். வெளுப்பாக்கவில்லை. முன்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். சதீஷ் அண்ணன் திரைக்கு அருகில் போய், "யக்கா" என்று மட்டும் சொன்னார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். குமார் அண்ணன் வெளியே போய்விட்டார்.

அக்காவினுடையது என்று இப்போது என்னிடம் இருப்பது அந்தப் பக்கம் ஒன்றுதான். அதை அழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அன்று முதலில் அதைச் சேமித்தேன். பெயர் கேட்டது. 'சதீஷ் கல்யாணம்' என்று அடித்தேன். பிறகு, அக்காவின் படத்தை வரிசையிலிருந்து வெட்டி எடுக்காமல், நகல் எடுத்து, அஞ்சலி பேனருக்காகத் திறந்த புதுப் பக்கத்தில் வைத்தேன்.