படப்பையில் ஒரு பெட்ரோல் கேன்

படப்பை காயலான் கடையில் நிற்கிறேன். நான் செய்யும் குட்டி ராணுவ ஜீப்பில் விரல்நுனி அளவு பெட்ரோல் கேன் ஒன்றுதான் பாக்கி. உலகப்போர்க் காலத்துக் கேனின் இரு பக்கமும் பெருக்கல் குறி போலப் பள்ளம் இருக்கும். இந்தக் கடையில் இருக்கும் அசல் கேனில் அதை அளக்கத்தான் சிட்லபாக்கத்திலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறேன்.

கடைக்கார பாய் கேனைப் பெருமையாக நீட்டுகிறார். பக்கம் வழவழவென்று இருக்கிறது.

“பள்ளம் எங்கே, பாய்?”

“நீங்க போன் பண்ணதும் டிங்கரிங் பட்டறையில குடுத்து சொட்டையெல்லாம் எடுத்துட்டேன் சார். பொண்ணு பாக்க வரசொல்லோ மூஞ்சி கழுவ வேணாமா?”

கேனைத் திருப்புகிறேன். மறுபக்கம் பள்ளம் அப்படியே இருக்கிறது.

“அந்தப் பக்கம் மட்டும் மிச்சம் கீது. டீ குடிங்க, அதுக்குள்ள முடிச்சிடுவாரு.”

பட்டறைக்காரர் சுத்தியலோடு வருகிறார். நான் கேனைப் படுக்கவைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு டீயை வாங்கிக்கொள்கிறேன்.