ஏழு மணிச் சீட்டு

என் மாமா பொய் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதை அம்மாவுக்கு எதிராகவும் சொல்வார் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது.

உள்ளாட்சித் தேர்தல் வந்த வருடம் அது. பீர்க்கன்கரணை ஏரியில் சாக்கடை கலப்பதை நிறுத்த வேண்டும் என்று அம்மா எங்கள் வார்டில் சுயேச்சையாக நின்றாள். எதிரே ஒரு கல்யாண மண்டபக்காரரும், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரும். அம்மாவின் தம்பியான மாமா, எங்கள் வீட்டு மாடியில் லோக்கல் கேபிள் சேனல் நடத்திவந்தார். பழைய பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, நகைக்கடை விளம்பரம், அவ்வளவுதான். ஆனாலும் மாலையில் தெருவே அதைத்தான் பார்க்கும்.

வேட்பாளர்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று மாமா அறிவித்தார். மாலை ஏழு, மதியம் இரண்டு, காலை ஆறு. யாருக்கு எந்த நேரம் என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வதாம். கூடப்பிறந்த அக்காவுக்குக்கூடச் சலுகை கிடையாது என்று அவர் சொன்னதைக் கேட்டு எல்லோரும் மெச்சினார்கள்.

சீட்டை எடுக்கப்போவது நான்தான். குலுக்கலுக்கு முன் மாமா என்னை மாடிப்படியில் நிறுத்தினார். "பாப்பா, மொதல்ல ஏழு மணிக்குத்தான் எடுப்போம். ஒரு சீட்டுல ஸ்டேப்ளர் பின் இருக்கும், கைல குத்தும். அத்த எடுத்துடு. அம்மாகிட்டகூட மூச்சு வுடாத, இன்னா?"

அம்மாவுக்காக ஏமாற்றப்போகிற பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லோர் முன்னாலும், சீட்டுகள் போட்டிருந்த பிஸ்கட் டப்பாவுக்குள் கையை விட்டேன். பின் குத்தியது. எடுத்துக் கொடுத்தேன்.

மாமா பிரித்துப் படித்தது கல்யாண மண்டபக்காரரின் பெயரை.

தவறான சீட்டை எடுத்துவிட்டேனோ என்று மறுபடி டப்பாவுக்குள் துழாவினேன். மற்ற இரண்டிலும் பின் இல்லை. மாமாவைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தச் சீட்டக் கொஞ்சம் காட்டு" என்றாள் அம்மா. வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அவள் விரல் பின்னின் மேல் நின்றது. பிறகு என்னைப் பார்த்தாள். மாமாவைப் பார்க்கவில்லை.

"சரியாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த சீட்டில் தபால்காரருக்கு மதியம் விழுந்தது. அம்மா காலை ஆறு மணிக்கு ஏரியைப் பற்றிப் பேசினாள். அந்த நேரத்தில் எங்கள் தெரு முழுவதும் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றது. தேர்தலில் மண்டபக்காரர் ஜெயித்தார். மாமாவின் கேபிள் ஒயர்கள் அவருடைய கட்டடங்களின் மொட்டைமாடி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

முடிவு வந்த அன்று அம்மாவிடம் கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல? அப்புறம் ஏம்மா சரின்னு சொன்ன?"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எல்லார் முன்னாடியும் எடுத்தது உன் கை" என்றாள்.

தோற்றதற்கு என்னைக் குற்றம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, ஒரு வாரம் அவளோடு நான் பேசவே இல்லை.