எரிக்க வாங்கிய புத்தகம்

மண்ணெண்ணெய் மணம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் இலக்கியம்தான் நினைவுக்கு வரும். நான் காசு கொடுத்து வாங்கிய முதல் புத்தகம், எரிப்பதற்கென்று வாங்கியது.

போர் ஓய்ந்து, யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம். எனக்குப் பதினாறு வயது. யாழ்ப்பாணத்துப் பேப்பர் ஒருநாள் பிந்தி எங்களூர் வட்டக்கச்சிக்கு வரும். சலூனில் ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். அந்த ஒருவர் நான். 'வட்டக்கச்சியார் சோம்பேறிகள்: ஆசிரியையின் நூலால் கொந்தளிப்பு' என்று ஒருநாள் தலைப்பு. ஊரில் அதுவரை எந்தக் கொந்தளிப்பும் இருக்கவில்லை. நான் வாசித்து முடித்ததும் இருந்தது.

எழுதியவர் எங்கள் தமிழ் ரீச்சர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களூரில் வாடகைக்கு இருந்தவர். பிள்ளைகளை அவருடைய 'ரியூசனுக்கு' விடாமல் மறித்தார்கள். அவரை இடம் மாற்றச் சொல்லி மனுவும் எழுதினார்கள். புத்தகத்தைச் சந்தியில் எரிப்பதென்று முடிவான பிறகுதான், எரிக்க ஒருவரிடமும் புத்தகம் இல்லை என்பது தெரிந்தது. மண்ணெண்ணெய்ப் போத்தலும் கையுமாக ரீச்சரிடமே போனேன்.

"என்ன தம்பி, எரிக்கவோ?"

"ஓம் ரீச்சர்."

"போத்தலை வெளியிலை வைச்சிட்டுக் காசைத் தா. நான் ஊரைவிட்டுப் போகப் பெட்டி கட்டிறன். கொளுத்திறதுக்கு முதல், பேப்பரிலை வந்த அந்தப் பக்கத்தையாவது முழுக்க வாசி."

வாய்க்கால் கரையில் குந்தியிருந்து வாசித்தேன். பகலில் ஊரே படுத்துக்கிடப்பதைக் கண்டு, சோம்பேறிகள் என்று தான் நினைத்ததாக எழுதியிருந்தார். பேப்பர்காரர் அதோடு நிறுத்திவிட்டார். அடுத்த வரியில், ஓரிரவு வயலுக்குப் போய், பன்றிக் காவலுக்கு விடியும்வரை தகரம் தட்டிக் கத்துகிற அதே மனிதர்களைக் கண்டு வெட்கப்பட்டதாக இருந்தது. தொண்டை அடைத்துப்போன ஒருவர், தகரத்தைத் தட்டிக்கொண்டே, "என்ரை மூத்தவன் படிப்பானோ ரீச்சர்?" என்று கேட்கிறார். அது என் அப்பா; அந்த மூத்தவன் நான். ரீச்சர் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டிருந்தார்.

புத்தகமும் போத்தலுமாகச் சந்திக்கு ஓடினேன். கூட்டத்துக்கு முன்னால் அப்பாவே நின்றார்.

"புத்தகத்திலை எங்களைப் புகழ்ந்துதான் கிடக்கு! பேப்பர்காரர் அரைவாசியிலை வெட்டிப்போட்டாங்கள்!" என்று கத்தினேன்.

"என்னைப் பற்றியும் கிடக்கோ?" என்றார் அப்பா.

"ஓம்."

"பிறகேன் நிக்கிறாய்? எண்ணெயைக் கொண்டுபோய்க் குசினி அடுப்படியிலை வை."

அன்று பின்னேரமே மனுவைக் கிழித்தார்கள். ரீச்சரிடமிருந்த புத்தகங்கள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. அவரும் கட்டிய பெட்டியை அவிழ்த்தார்.

பிறகு போரில் ஊரே இடம்பெயர்ந்தபோது அந்தப் புத்தகங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சலூனும் இல்லை, இப்போது ஆளாளுக்குப் போனில் தலைப்பை மட்டும் வாசித்துக் கொந்தளிக்கிறார்கள். போன மாதம் வவுனியா பஸ் நிலையத்தில் ரீச்சரைக் கண்டு, ஊரையே திருத்தியவன் என்ற பெருமையோடு பழைய கதையை எடுத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஊர்ச்சனம் முதலிலை பேப்பரை நம்பிச்சினம், பிறகு உன்ரை வாயை நம்பிச்சினம். புத்தகத்தை வாங்கினவையிலை ஒருத்தரும் அதை வாசிக்கேல்லையடா."