ஒரே ரிஷியின் ரத்தம்

சித்தப்பாவை மன்னித்துவிடு என்று எனக்குச் சொல்லாதவர்கள் மயிலாப்பூரில் பாக்கி இல்லை. பெரிய மனசு பண்ணு, அவருக்கும் வயசாயிடுத்து, உடம்பு முடியலை. எல்லாம் சரி. எனக்கு மனசு அவ்வளவு பெரிசு இல்லை.

அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் சித்தப்பா வைத்ததுதான் சட்டம். நான் எம்.எஸ்ஸி. ஜுவாலஜி முடித்த கையோடு, கூடப் படித்த ஒருவனைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்றேன். ஜாதி, ஜாதகம், வேலை எதிலும் அவருக்குக் குறை அகப்படவில்லை. கடைசியில் கோத்திரம் கேட்டார். இரண்டு வீட்டுக்கும் ஒரே கோத்திரம். முடிந்தது கதை.

“ஒரே ரிஷியோட ரத்தம். அவன் உனக்கு அண்ணா முறைடி. போய் வாயக் கழுவிண்டு வா” என்றார்.

நான் சும்மா இருப்பேனா? மனுஷ ஜாதி மொத்தமும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான், அப்படிப் பார்த்தால் நீங்களும் சித்தியும்கூட அண்ணா தங்கைதான் என்றேன். கன்னத்தில் பளாரென்று விழுந்தது. “நீ வேணா குரங்குக்குப் பொறந்துக்கோ. நான் ரிஷிக்குப் பொறந்தவன்.” மறுநாள் அடையாறில் அவன் வீட்டுக்கே போய், கூடப்பிறந்தவளைக் கட்டிக்க அலையற பிள்ளை என்று அவன் அப்பா அம்மா எதிரில் கத்திவிட்டு வந்தார். அந்த அம்மாள் அழுதுகொண்டே பையனை டெல்லிக்கு அனுப்பிவிட்டாள். அப்புறம் எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. என்னை மடியில் வைத்துத் தாரைவார்த்ததும் சித்தப்பாதான். வீட்டுக்காரர் நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்லமாட்டேன். அது வேறு, இது வேறு.

இப்போது சித்தப்பா விஞ்ஞானி ஆகிவிட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடிந்தால் ஒரு வீடியோ. கோத்திரம்தான் ஒய் குரோமோசோமாம், ரிஷிகள் அன்றைக்கே கண்டுபிடித்தார்களாம், அந்த ரிஷிகளே வேறு ஏதோ நட்சத்திரத்திலிருந்து இறங்கி வந்தவர்களாம். காலேஜில் பரிணாமம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான். பதில் சொல்ல எவ்வளவோ இருந்தது. சொல்லவில்லை. காத்திருந்தேன்.

கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, எனக்கு ஒரு நாள் கொடுத்தார். சித்தப்பாவின் ஒரே பெண், லேட்டாகப் பிறந்த செல்லம், ஒரு பையனைக் காதலித்தாள். ஒரே கோத்திரம்! இந்தத் தடவை ரத்தம் கித்தம் என்று பேச்சே வரவில்லை. பெண்ணை வேறு கோத்திரத்துத் தம்பதிக்குத் தத்து, அதாவது ஸ்வீகாரம், கொடுத்துவிட்டால் அவள் கோத்திரம் மாறிவிடும், தாராளமாகக் கல்யாணம் பண்ணலாம் என்று புரோகிதம் பண்ணும் வாத்தியார் வழி சொன்னாராம். சித்திக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. நெருங்கின சொந்தத்தில் கல்யாணமாகி வேறு கோத்திரத்துக்குப் போனவள் நான் ஒருத்திதான். சித்தப்பா என்னிடம் வந்து நின்றார்.

“நீயும் மாப்பிள்ளையும் மணைல உக்காந்தா போறும். சும்மா பேருக்குத்தான்.”

“மந்திரம் சொன்னா குரோமோசோம் மாறிடுமா சித்தப்பா? அதுவும் பொண்ணுக்கு ஒய்யே கிடையாதே.”

“இப்போ எதுக்குடி அதெல்லாம்?” என்று தலையைக் குனிந்துகொண்டார். ஆஹா, அந்தக் குனிந்த தலை! சரி என்று சொல்லி அனுப்பினேன்.

தி. நகரில் ஒரு மண்டபம். காலையில் ஸ்வீகாரம் நடந்தது. சித்தப்பா பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுத்தார், நாங்கள் வாங்கிக்கொண்டோம். முகூர்த்தத்துக்குச் சித்தப்பா புதுப் பஞ்சகச்சத்தோடு மேடை ஏறி, பெண்ணை மடியில் வைத்துக்கொள்ள மணையில் உட்காரப் போனார். அவள் பிறந்ததிலிருந்து அவர் ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான்.

“சித்தப்பா, அது எங்க இடம்” என்றேன்.

“வெளயாடாதே.”

வாத்தியாரைப் பார்த்தேன். அவர் நெளிந்தார். “மாமி சொல்றது சரிதான். ஸ்வீகாரம் வாங்கிண்டவாதான் தாரைவார்க்கணும்.”

“இல்லேன்னா ஸ்வீகாரம் செல்லாதுன்னு சொல்லிடுங்கோ. ஒரே ரத்தம்னு பிள்ளையாத்துக்காரா எழுந்துண்டு போகட்டும்” என்றேன்.

சித்தப்பா இறங்கினார். என் வீட்டுக்காரர் மடியில் பெண் உட்கார்ந்தாள். இன்னாருடைய கொள்ளுப் பேத்தி, இன்னாருடைய பேத்தி, இன்னாருடைய பெண் என்று உரக்கச் சொல்வார்கள் அல்லவா? என் மாமனார் வீட்டுப் பெயர்களாகவே ஒலித்தன. சித்தப்பாவின் பெயர் இல்லை, அவர் அப்பா பெயர் இல்லை, அவருடைய ரிஷியும் இல்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது.

தாலி ஏறிய பிறகு என் பக்கத்தில் வந்தார். கண் சிவந்திருந்தது. “என் பொண்ணை நானே கொடுக்க முடியலையேடி. இதுக்கு பயந்துண்டுதான் அன்னிக்கு…” என்று நிறுத்தினார்.

“அன்னிக்கு என்ன?”

“உனக்கும் வாத்தியார் இதே வழியத்தான் சொன்னார். நான் இருக்கச்சே அண்ணா பொண்ணை இன்னொருத்தன் தாரைவார்க்கறதான்னு… உங்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்.”

ரிஷியை நம்பித்தான் என் வாழ்க்கையில் மண்ணைப் போட்டார் என்று நினைத்திருந்தேன். பாவி மனுஷனுக்கு அந்த ஒரு சலுகையாவது கொடுத்து வைத்திருந்தேன். நம்பிக்கையாம், மண்ணாங்கட்டி! அந்த மணையில் தான் உட்கார வேண்டும், அவ்வளவுதான். நான் பழிவாங்கியது போதாது என்று தோன்றியது.

பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்களுக்கு நமஸ்காரம் பண்ண எழுந்தார்கள். பெண் “அப்பா” என்று அழுதுகொண்டே நேரே அவரிடம் வந்தாள். நான் குறுக்கே நின்றேன்.

“அப்பா அங்க இருக்கார்” என்று என் வீட்டுக்காரரைக் காட்டினேன். “முதல்ல அவருக்குப் பண்ணிட்டு வா. தாத்தாவுக்கு அப்புறம் பண்ணலாம்.”