சாய்ந்த லாயத்து டோரின்

கொட்டகைக்குள் நுழைந்ததும் டோரின் முதலில் மோந்து பார்ப்பாள். எலி புகுந்திருக்கிறதா, ஓடு எங்காவது ஒழுகியிருக்கிறதா என்று மூக்கே சொல்லிவிடும். பிறகுதான் விளக்கைப் போடுவாள். ஓக் மரத் தூண்களில் கைக்கு எட்டும் இடமெல்லாம் அவள் சாமான்கள்தான். ஒரு மர ஆணியில் மழைக்கோட்டு, இன்னொன்றில் முட்டைக் கூடை, குறுக்குச் சட்டத்தின் மேல் மூக்குக்கண்ணாடி. வீட்டில் எதையாவது காணோமென்றால் நேரே இங்கே வந்துவிடுவாள்.

இங்கிலாந்தில் சஃபோக் பக்கத்துப் பண்ணை. கொட்டகையும் அதை ஒட்டிய குதிரை லாயமும் நானூறு வருஷத்து மரச்சட்டங்கள். லாயம் முற்றத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. சாலையில் போகிறவர்கள் காரை நிறுத்தி, "இது விழுந்துடாதா?" என்று கேட்பார்கள்.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு. அதுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்பாள்.

லாயம் ஒரு விரல் சாய்ந்தால் கதவிலும் ஒரு விரல் இழைத்துவிடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். அதனால் அங்கே எந்தக் கதவுக்கும் நேர்மூலை கிடையாது. கழற்றித் தரையில் போட்டால் கதவென்று யாரும் நம்பமாட்டார்கள்.

அவள் கணவன் ரோலண்டு வேறு ரகம். டவுனில் கொத்தனாராக இருந்தவன். வேலையை விட்டாலும், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் ரசமட்டத்தை விடவில்லை. இந்த வசந்தத்தில் டோரின் சந்தைக்குப் போன ஒரு சனிக்கிழமை, பக்கத்துப் பண்ணையில் பாரம் தூக்கும் ஜாக்கிகளை இரவல் வாங்கி, முட்டுக்கொடுத்து லாயத்தை நிமிர்த்தியே விட்டான். அவள் திரும்பியபோது ரசமட்டத்துக் குமிழி நட்டநடுவில் நின்றது. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

உள்ளே கிழட்டுக் குதிரை பிளாசம் வயிற்றுவலியில் தரையை உதைத்துக்கொண்டிருந்தது.

"குதிரைய உள்ள வெச்சுக்கிட்டா ஜாக்கி போட்ட?"

"அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டு இருந்துச்சு டோரின்!"

கால்நடை மருத்துவர் போனில், "நான் வர்ற வரைக்கும் நடக்க விடுங்க. படுத்துப் புரண்டா குடல் முறுக்கிக்கும்" என்றார். கதவோ அசையவில்லை. நேராகிவிட்ட நிலைச்சட்டம், கோணல் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இரண்டு பாதியாகத் திறக்கும் கதவில் மேல்பாதி மட்டும் திறந்திருந்தது. டோரின் அறுபத்தெட்டு வயசில் கீழ்ப்பாதியின் மேல் ஏறி உள்ளே குதித்தாள்.

"படுத்துடாதடி ராசாத்தி" என்று கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

ரோலண்டு கோடாலியோடு ஓடிவந்தான்.

"அதக் கீழ போடு! சத்தத்துல மிரண்டு கால உடைச்சுக்கும்."

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

"ஜாக்கிய இறக்கு. மெதுவா."

"காலையிலேர்ந்து உயிரக் குடுத்து நிமித்தினேன்..."

"நிமிந்துதான் இருக்கு, யாரு இல்லேன்னா? நாங்க ரெண்டு கிழங்களும் உள்ள மாட்டிக்கிட்டோம். இறக்கு கிழவா!"

அவன் குமிழியை ஒருமுறை பார்த்தான். பிறகு குனிந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். சட்டங்கள் முனகின. தூசி கொட்டியது. லாயம் தன் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்ததும் கதவு ஒரே தள்ளில் திறந்துகொண்டது.

முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடத்தினாள். மருத்துவரின் வண்டி வாசலுக்கு வரும்போது பிளாசம் வாலைத் தூக்கிக் கூடை கூடையாக லத்தி போட்டது. டோரின் சிரித்த சிரிப்பில் கோழிகள் சிதறி ஓடின. இனி பயமில்லை.

ரோலண்டு மட்டும் வெறுந்தலையோடு ஜாக்கியின் மேல் உட்கார்ந்திருந்தான். டோரின் அவன் தொப்பியைத் தரையிலிருந்து எடுத்தாள். தூசியைத் தட்டி அவன் தலையில் வைத்து, ஒரு விரலால் ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டாள். அதை நேராக்க எழுந்த அவன் கையில் குதிரைக் கயிற்றைக் கொடுத்தாள்.