இரண்டாவது மாடியில் தண்ணீர் வரவில்லை

கல்லூரி மாத இதழில் நான் சேர்ந்ததற்கு எழுத்தார்வம்தான் காரணம் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் எனக்குக் கைப்பேசியில் வேகமாகத் தமிழ் தட்டத் தெரியும், அவ்வளவுதான். திண்டுக்கல்லில் நான் வணிகவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, இதழுக்குப் பொறுப்பான தமிழ்த்துறை சார் வகுப்புக்கு வந்து, "யாருக்கு எழுத விருப்பம்?" என்று கேட்டார். ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. "யாருக்குத் தமிழ் டைப்பிங் வரும்?" என்றார். கைகள் இறங்கின. என் கை இறங்குவதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

இதழ் என்றால் எட்டுப் பக்கம். மாதக் கடைசியில் வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவோம். சில பிரதிகள் எடுத்து அறிவிப்புப் பலகைகளில் குத்திவைப்போம். எட்டில் ஆறு பக்கம் விழாக்கள். யார் குத்துவிளக்கு ஏற்றினார், யார் வரவேற்றார், யார் நன்றி சொன்னார். நிலக்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து காலைப் பேருந்தில், மல்லிகைப்பூ மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி இந்தப் பெயர்களைத் தட்டிக்கொண்டே வருவேன். முதல் இதழிலேயே ஒரு பேராசிரியரின் பெயருக்கு முன்னால் 'முனைவர்' விட்டுப்போயிற்று. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. துறைத்தலைவரிடம் சொன்னார். துறைத்தலைவர் சாரிடம் சொன்னார். சார் என்னிடம் வந்து, "அந்தப் பட்டம் வாங்க அவருக்கு ஆறு வருஷம் ஆச்சும்மா. நீ ஒரு செகண்டுல எடுத்துட்ட" என்றார். இதழைத் திருத்தி மறுபடியும் அனுப்பினோம். இரண்டு தடவையும் அவரைத் தவிர அதை யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், பெண்களுக்கென இருந்த ஒரே கழிப்பறைக்குத் தண்ணீர் நின்றுபோனது. ஒரு திங்கட்கிழமை குழாயைத் திறந்தால் காற்று வந்தது. அந்த வாரம் முழுக்கக் காற்றுதான். அந்த மாடியில் ஐந்து வகுப்புகள். பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். சின்னாளபட்டியிலிருந்து வரும் என் தோழி, சாயங்காலம் வீடு திரும்பும்வரை ஒரு வாய்கூடக் குடிக்கமாட்டாள். ஒருநாள் மதியம் தலைசுற்றி மேசையில் சாய்ந்துவிட்டாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். "சொல்லியாச்சு" என்றார்கள். மூன்று தடவை கொடுத்தோம். மூன்று தடவையும் சொல்லியாகிவிட்டது.

எங்கள் மாடியைக் கூட்டிக் கழுவும் அக்கா, கீழ்த்தளத்துக் குழாயில் பிடித்து, கைக்கு ஒரு வாளியாகப் படியேறிக் கொண்டுவருவார். ஒருநாள் ஒரு வாளியை நான் வாங்கிக்கொண்டு கூடவே ஏறினேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை நடைக்கா?"

"எண்ணுனா ஏற முடியாது பாப்பா. பேசாம ஏறிரணும்."

அவர் சொன்னதையெல்லாம் கேட்டு, மூன்று மனுக்களையும் சேர்த்து, ஒரு பக்கம் எழுதினேன். அதுவரை நான் தட்டியதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

சார் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கம்மா. போட முடியாது."

"ஏன் சார்?"

"அடுத்த மாசம் ஆய்வுக்குழு வருது. இந்த நேரத்துல தண்ணி இல்லன்னு நம்மளே எழுதலாமா?"

"இல்லைதானே சார்."

"இல்லதான். அதை எழுதணுமா?" என்றவர், பக்கத்து நாற்காலிகளைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "நான் கௌரவ விரிவுரையாளர்மா. எனக்கு வருஷா வருஷம் புதுசா ஆர்டர் வரணும். உன்னைய மூணு வருஷத்துல டிகிரி குடுத்து அனுப்பிருவாங்க. நான் இங்கதான கெடக்கணும்."

பாவமாக இருந்தது. ஆனால் அதனால் எரிச்சல் குறையவில்லை. கோபப்படுவதற்கு இருந்த ஒரே ஆளும் இல்லாமல் போய்விட்டாரே என்று இன்னும் கூடியது. "கொஞ்சம் மாத்திப் போடுறேன்" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். அது என் தப்பு.

இதழ் வந்தது. ஏழாம் பக்கத்தில் 'தண்ணீரைச் சேமிப்போம்' என்று ஒரு கட்டுரை. மாணவிகள் குழாயைத் திறந்துவிட்டுச் செல்லும் பழக்கத்தைக் கைவிட வேண்டுமாம். கீழே என் பெயர், வகுப்பு, சேர்க்கையின்போது எடுத்த என் போட்டோ. நான் எழுதியதில் தப்பிப் பிழைத்தது 'வாளி' என்ற ஒரே சொல்: வாளியில் பிடித்துப் பயன்படுத்தினால் நீர் மிச்சமாகும் என்று ஒரு வரி இருந்தது.

"தெறந்தா காத்துதான வருது, எதைடி நாங்க வீணாக்குறோம்?" என்று தோழி கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். மறுநாள் படிக்கட்டில் அக்கா எதிரே வந்தார். யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"என்னையப் பத்தி எழுதப் போறேன்னுதான பாப்பா அம்புட்டும் கேட்டீக? வாளியில பிடிச்சா தண்ணி மிச்சமாகும்னு போட்டிருக்கீகளாம்ல."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வாளியோடு ஏறிப்போனார். நான் எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் போட்டோ அல்லவா அதில் இருக்கிறது.

மதியம் எதிர்க்கடையில் ஒரு சார்ட் அட்டை வாங்கி, நான் முதலில் எழுதிய கட்டுரையை அப்படியே ஸ்கெட்ச் பேனாவில் எழுதினேன். என் பெயரும் வகுப்பும் போட்டு, அறிவிப்புப் பலகையில் இதழுக்குப் பக்கத்திலேயே குத்தினேன். அவசரத்தில் கடைசி வரிகள் மேலும் கீழுமாகப் போயிருந்தன. கடைசி வகுப்பு முடிவதற்குள் முதல்வர் அறையிலிருந்து ஆள் வந்துவிட்டது.

முதல்வர் மேடத்தின் மேசையில் என் அட்டை சுருட்டிக் கிடந்தது. சார் சுவரோரமாக நின்றிருந்தார்.

"இதழ்ல வந்ததும் நீதான், இதுவும் நீதானா?"

"இது நான் எழுதுனது மேடம். அது என் பேர்ல வந்தது." சாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் இதை ஒட்டுனது சாருக்குத் தெரியாது மேடம்" என்றேன்.

"நேரா எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?"

"மூணு மனு குடுத்தோம் மேடம்."

அலுவலகத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டார். "இருக்கு மேடம், ஃபைல்ல போட்டாச்சு" என்றார் அவர், மிகவும் பொறுப்பாக. மேடம் அந்த ஃபைலைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு எங்களைப் போகச் சொன்னார்.

மறுநாள் காலை பிளம்பர் வந்தார். மொட்டைமாடிக்குப் போனார், ஒரு டீ குடிக்கும் நேரத்தில் இறங்கி வந்துவிட்டார். என்ன ரிப்பேர் என்று கேட்டேன்.

"ரிப்பேரே இல்லம்மா. வால்வு மூடியிருந்துச்சு. எப்பயோ ஒழுகுனப்ப மூடிட்டு, தெறக்க மறந்துட்டாக போல."

ஆறு வாரம். மூன்று மனு, ஒரு கட்டுரை, அக்கா ஏறி இறங்கிய படிகள். ஒரு கைப்பிடியைத் திருப்ப மொட்டைமாடிவரை ஒருவரும் போகவில்லை. நானும்தான் போகவில்லை.

அன்று சாயங்காலமே சாரிடமிருந்து செய்தி வந்தது. அடுத்த இதழின் முதல் பக்கத்துக்கு 'மாணவியர் நலனில் நிர்வாகத்தின் துரித நடவடிக்கை' என்று எழுதித் தர வேண்டுமாம். வேறு யாருக்கும் டைப்பிங் வராது. எழுதிக் கொடுத்தேன். முதல் வரியில் 'ஆறு வாரங்களுக்குப் பிறகு' என்று சேர்த்திருந்தேன். சார் அந்த மூன்று சொற்களை எடுத்துவிட்டு, 'துரித' என்பதை அப்படியே விட்டுவைத்தார். என் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார்.

அந்த இதழ் வந்த அன்று அக்காவைத் தேடிப்போய், அந்த அட்டையில் இருந்ததுதான் நான் எழுதியது என்றேன்.

"தெரியும் பாப்பா. வாட்ச்மேன் படிச்சுக் காமிச்சாரு. நான் சொன்னதத்தேன் எழுதியிருந்தீக." துடைப்பத்தையும் பினாயில் பாட்டிலையும் எடுத்துக்கொண்டார். "இங்கதான் கொழாயிலயே தண்ணி வருதுல்ல. 'ஒனக்கு வேல கொறஞ்சுபோச்சு'ன்னு சொல்லி மூணாவது மாடியவும் என் தலையில கட்டிட்டாக."

நான் வாயைத் திறப்பதற்குள், "இதையும் எழுதி வச்சுராதீக பாப்பா" என்று சொல்லிவிட்டு மூன்றாவது மாடிக்குப் படியேறினார்.