கிணற்றில் விழுந்த கம்பெனித் தவளைகள்

வீரபாண்டியில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். மைனஸ் மூன்றையும் மைனஸ் இரண்டையும் கூட்டச் சொன்னால் போதும், "மைனஸும் மைனஸும் பிளஸ் மிஸ்!" என்று வகுப்பே பாடும். பெருக்கலுக்குச் சொன்ன விதியைக் கூட்டலிலும் கொண்டுவந்து ஒட்டிவிடுவார்கள்.

போர்டில் எழுதி எழுதித் தோற்றுப்போய், செல்போன் விளையாட்டுக்கு மாறினேன். ஆளுக்கொரு தவளை. விடை சரியென்றால் கிணற்றில் ஒரு படி ஏறும். தப்பென்றால் தொபுக்கென்று தண்ணீரில் விழும். எல்லாத் தவளைகளும் வகுப்பின் பெரிய திரையில் தெரியும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு மட்டும் வீட்டுப் போனைக் கொண்டுவரத் தலைமையாசிரியை அனுமதித்திருந்தார்.

முதல் நாளே, நடு ஆட்டத்தில் புதுத் தவளைகள் வந்து குதித்தன. 'ஓவர்லாக் ராணி'. 'அயர்னிங் மாமா'. 'டீ எங்கே'.

"யாருடா அது, டீ எங்கே?"

ஒருவரும் கை தூக்கவில்லை. ஒரு பெண் மட்டும் டெஸ்க்குக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டாள்.

"லிங்க் கெடைக்கலன்னு ஃப்ரெண்டு கேட்டா மிஸ். அனுப்பினேன். அது எங்கம்மா பனியன் கம்பெனி குரூப்புக்குப் போயிருச்சு."

அங்கே அப்போது டீ நேரம். ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாம். ஆனால் அயர்னிங் மாமா விழுந்த அழகில் எனக்கே சிரிப்பு அடங்கவில்லை. தங்களைவிட மோசமாகக் கணக்குப் போடும் பெரியவர்களைக் கண்டு பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினார்கள்.

அந்தப் பெண்ணின் கையிலிருந்த போன் அடித்தது. அம்மாவின் சூப்பர்வைசர். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"டீச்சருங்களா? மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்தானுங்களே? என்ற தவளைய எதுக்குங்க தள்ளி உட்டீங்க? இங்க ரெண்டு கோஷ்டி ஆயிப்போச்சுங்க. ஒருத்தரும் மிஷின்ல உக்கார மாட்டேங்கறாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அங்கிள், காலைல மூணு பீஸ் ரிஜெக்ட். மத்தியானம் ரெண்டு பீஸ் ரிஜெக்ட். சேத்துப் பாத்தா அஞ்சும் நல்ல பீஸ் ஆயிருமா?"



"ஆவாது கண்ணு."

"அப்ப மைனஸ் அஞ்சு. பெருக்கினாத்தான் பிளஸ். வையுங்க, அடுத்த கேள்வி வந்துருச்சு."

போன கேள்வியில் அவளுடைய தவளையும் அதே தப்பில்தான் விழுந்திருந்தது. ஈரம் காய்வதற்குள் விளக்கம் சொல்லக் கிளம்பிவிட்டாள். நான் வாரக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியும் ஏறாதது இந்த ரிஜெக்ட் பீஸில் ஏறிவிட்டது. அடுத்த கேள்விக்கு எங்கள் வகுப்பில் ஒரு தவளையும் விழவில்லை. கம்பெனியில் டீ நேரம் முடிந்திருக்க வேண்டும். அவர்களுடைய தவளைகள் கேட்பாரில்லாமல் மிதந்துகொண்டிருந்தன.

அடுத்த வாரம் அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். தெற்கத்திப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். என்னால் அவர் வேலைக்கு ஏதும் பங்கம் வந்ததோ என்று பயந்துகொண்டே எழுந்து நின்றேன்.

"சூப்பர்வைசரு இப்ப தெனமும் 'சின்ன டீச்சர் நல்லாருக்காங்களா'ன்னு இவளத்தான் விசாரிக்காரு டீச்சர்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "லீவு கேட்டா மறுபேச்சு பேசாமக் குடுத்துருதாரு. இன்னைக்கும் அப்படித்தான் வந்தேன். வேற ஜோலி ஒண்ணுமில்ல, சும்மா பாத்துட்டுப் போலாம்னு."